வெள்ளரிக்காய்க் குதிரை

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியும். ‘ஆமிக்காரி வீடு’, பட்டாளத்துக்காரியின் வீடு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பின்வரிசை வாங்கில் இருந்துகொண்டு அதைச் சொன்னவர்களில் சிலர் இன்று எனக்கு நல்ல சிநேகிதர்கள். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆமிக்காரி ஜப்பானிலிருந்து செய்வினை படித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் பொம்மை வைத்தாள், அதனால்தான் அம்மா அவளை வீட்டை விட்டு அனுப்பினார் என்று நீங்கள் கேள்விப்பட்டீர்கள் அல்லவா, அது பிழை. உங்களுக்குச் சொன்ன பெரியவர்களுக்கும் பிழையாகத்தான் தெரியும். அதே மேசையில் இருந்து சாப்பிட்ட எனக்கே இந்த வருடம்தான் முழுதாகத் தெரிந்தது.

அவள் என் மச்சாள். அம்மாவின் அண்ணனுடைய ஒரே மகள். அந்த மாமாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கை சைக்கிள் ஹாண்டிலில், மற்றக் கை சிறுபிள்ளையாக நிற்கும் மச்சாளின் தலையில். ஊரில் யுத்த காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில் அரசாங்க ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். விடவில்லை. உடம்பும் வரவில்லை. சில வருடங்கள் கழித்து, அம்மாவும் அப்பாவும் மாமியையும் மச்சாளையும் லண்டனுக்கு எடுப்பித்தார்கள். நான் பிறந்து கண் தெரிந்தபோது அவர்கள் எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார்கள்.

மாமி ஒவ்வொரு காலையும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நெற்றியில் ஒரு சொட்டு வாஸலின் தடவி, அதன்மேல் குங்குமம் வைப்பார். கதவுக்கு வெளியே நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பேன். மாமிக்கு வேலை ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில். அந்த ஆவியில் பொட்டுக் கரைந்து மூக்குவரை வழியும். ஒருமுறை வெள்ளைப் படுக்கை விரிப்பில் சிவப்புப் பட்டுவிட்டதென்று சூப்பர்வைசர் ஏசியிருக்கிறார்.

"ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாந்தானே," என்றார் அப்பா.

"என்ர அண்ணாவுக்கு ஒட்டுப் பொட்டோ?" என்றார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.  மாமி எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

கலியாண வீடுகளில் ஆலாத்தி எடுக்க ஆள் தேடுவார்கள். தேடுகிறவரின் கண் மாமியில் வந்து விழுந்து, உடனே அடுத்த கதிரைக்குத் தாவிவிடும். சரி, கணவனை இழந்தவர்களோடு கொண்டுபோய் இருத்தவும் முடியாது. அம்மா சும்மா விடமாட்டார். ஆகவே எந்த மண்டபம் என்றாலும் மாமி குசினிப் பக்கம் நின்று வாழையிலை துடைத்துக்கொண்டிருப்பார். அதைத் தனக்குப் பிடித்த வேலை என்று சொல்வார். நாங்களும் நம்பினோம்.

ஆடி அமாவாசை உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். பக்கத்து டூட்டிங் கடைகளில் அந்தக் கிழமை மட்டும் காத்தோட்டிக்காய் வரும். அதைத் தின்றவனுக்குப் பாவற்காய் பழம் மாதிரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அப்பா, பெற்றோல் ஷெட்டில் எந்த ஷிப்டையும் விடாத என் அப்பா, அன்றைக்கு மட்டும் லீவு எடுத்து, குளித்து, தன் தகப்பனின் படத்துக்கு முன் இலை போடுவார். மச்சாளுக்கு அந்த விரதம் இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள் அதை இருக்கக்கூடாது. அவளுடைய தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டது மாமியும் அந்தப் பொட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இந்த வீட்டிலிருந்து ஒருத்தி பிரிட்டிஷ் ஆமியில் சேர்ந்தாள் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் படிக்கட்டில் இருந்து கேட்டேன்.

"ஆமியெண்டா ஆமிதான். உடுப்பின்ர நிறந்தான் வேற," என்றார் அம்மா.

"நான் மருந்து கட்டுற வேலைக்குப் போறன், பெரியமாமி. சுடுறதுக்கு இல்லை." என் அம்மாவை அவள் பெரியமாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"மருந்து கட்ட லண்டனில ஆஸ்பத்திரி இல்லையோ?"

"அங்க படிப்பிச்சு, சம்பளமும் தருவினம். எனக்கு வேற ஆர் படிப்பிக்கப் போகினம்?"

 அந்த உடுப்பு வாசலைத் தாண்டக்கூடாது என்று மட்டும் அம்மா சொல்லிவிட்டார். பிறகு மச்சாள் லீவில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து சுப்பர்மார்க்கெட் கழிப்பறையில் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வருவாள். அதைப் பார்த்துத்தானே உங்களில் ஒருவன் பள்ளியில் வந்து சொன்னான்.

அங்கேயே ஒரு சிப்பாயைக் கலியாணமும் செய்தாள். ஸ்கொட்லாந்துக்காரர், காது இரண்டும் எப்போதும் சிவந்து கிடக்கும். பதிவுத் திருமணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும், ஷிப்ட் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்வந்தார். மச்சாளைக் கட்டினவர் முறைப்படி எனக்கு அண்ணை. அப்பா சொல்லித்தர, நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். அதைக் கேட்டு அவர் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு இரண்டு பேரையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரு பெரிய அமெரிக்க முகாம். அதன் ஓரத்தில் ஒரு கைப்பிடி பிரிட்டிஷ் ஆட்கள். இவர்கள் முகாமுக்கு வெளியே, ஊருக்குள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டாவது வருடம், ஆடி மாதத்தில், லீவு எடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

வந்த அன்றே பகிடியும் சிரிப்பும் தொடங்கிவிட்டன. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதில் அண்ணைக்குக் கஷ்டம் இல்லை; ஜப்பானிலும் அப்படித்தானாம். ஆனால் கழற்றிய சப்பாத்துகளைக் குனிந்து எடுத்து, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி, சோடி சேர்த்து வைத்தார். மச்சாளும் அப்படியே செய்தாள்.

அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "வந்த உடன போறதுக்கு அவசரமோ?"

"இல்லை, பெரியமாமி. அது மரியாதை. போகேக்க வீட்டுக்காரருக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு."

"எங்கட வீட்டில வெளிக்கிட்டுப் போற ஆக்களுக்கு மட்டுந்தான் சப்பாத்துத் தெருவைப் பாக்கும்," என்றார் அம்மா. என்றாலும் குரலில் சிரிப்பு இருந்தது. அம்மாவுக்கு அவளைப் பார்த்ததில் உள்ளூரச் சந்தோஷம். அண்ணன் மகள். அண்ணனின் நடை, அண்ணனின் நாடி.

அண்ணை அம்மாவுக்கு முன்னால் இடுப்பு மடித்துக் குனிந்தார். நிமிர அவ்வளவு நேரம் எடுத்தார். "உவர் என்னத்தையோ நிலத்தில துலைச்சுப்போட்டார்," என்றார் அப்பா. சாப்பிடக் கதிரையில் இருக்கச் சொன்னால், நிலத்தில் குதிக்கால்மேல் முழங்கால் மடித்து இருந்தார். ஜப்பானில் அப்படித்தான் பழகினாராம். கால் விறைத்துப்போய், எழும்பும்போது சுவரைப் பிடித்தார். எங்களுக்கு அவ்வளவு பெரிய மனிதன் அப்படித் தள்ளாடுவதைப் பார்க்கச் சிரிப்பு.

முன்னறையில் ஒருநாள் மச்சாளும் அண்ணையும் ஜப்பானிய முறையில் தேநீர் வைத்தார்கள். இருவரும் ஒரு ஜப்பானியப் பெண்ணிடம் சனிக்கிழமைகளில் போய்ப் படித்தார்களாம். பச்சைத் தூளை ஒரு கோப்பையில் போட்டு, மூங்கில் தும்பினால் அடித்து, நுரை எழுப்பி, கோப்பையை இரண்டு கையாலும் சுழற்றித் தந்தார்கள். குடிக்கும்முன் கோப்பையைப் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்றாள் மச்சாள்.

"சீனி எங்க?" என்றார் அப்பா.

"சீனி இல்லை மாமா. இதுக்கு முதல் தந்த இனிப்பு இருக்குத்தானே."

அப்பா ஒரு மிடறு குடித்தார். பிறகு கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "கோப்பை நல்ல கோப்பை," என்றார். மாமி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மாமி அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தக் கோப்பை பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. கபில நிறம், ஒரு பக்கம் மட்டும் தீயில் கறுத்தது. அதைத் தேடி நான் இப்போதும் அலுமாரிகளைத் திறப்பதுண்டு.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள். அம்மா காத்தோட்டிக்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். குசினியில் மாமி அரிசி கழுவிக்கொண்டு நின்றார். நான் மேசையில். மச்சாள் ஒரு வெள்ளரிக்காயில் தீக்குச்சிகளைக் குத்திக்கொண்டிருந்தாள். முதலில் நம்முடைய சுப்பர்மார்க்கெட் வெள்ளரிக்காயில்தான் செய்து பார்த்தாள். அது ஒரு முழ நீளம். "இது குதிரை இல்லை, நோர்தேர்ன் லைன் ரயில்," என்றேன் நான். பிறகு துருக்கிக்காரர் கடையில் போய், கையடக்கமாய் வளைந்த சின்ன வெள்ளரிக்காய் வாங்கிவந்தாள். நாலு குச்சி குத்தி நிறுத்தினால் அச்சு அசலாக ஒரு குதிரை.

"உதென்ன, இவனுக்கு விளையாட்டுச் சாமானோ?" என்றார் மாமி.

"இல்லை அம்மா. அங்கயும் இந்த மாசத்திலதான். செத்த ஆக்கள் வீட்டை வருவினமாம். கெதியா வரட்டும் எண்டு குதிரை. திரும்பிப் போகேக்க மெல்ல ஆறுதலாப் போகட்டும் எண்டு மாடு. மாட்டைக் கத்தரிக்காயில செய்யிறது."

மாமி அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார்.

"அங்க எங்கட வாடகை வீட்டுக்காரம்மாவின்ர மனிசன் கடலுக்குப் போனவர். வள்ளமும் வரேல்ல, ஆளும் வரேல்ல. அவவும் வைக்கிறா."

"உடம்பு கிடைக்காமலோ?"

"ஓம்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதை நிறுத்தினார்.

"போன வருசம் எங்களையும் கூப்பிட்டவ. வாசலில சின்னதா நெருப்பு மூட்டிப்போட்டு, உங்கட வீட்டில ஆர் எண்டு கேட்டா. ஆருமில்லை எண்டுதான் சொல்ல வந்தனான். வாயில அப்பா எண்டு வந்திட்டுது. அவ ஒண்டும் கேக்கேல்ல. உள்ள போய் இன்னொரு வெள்ளரிக்காய் கொண்டுவந்தா."

"அழுதனியோ?"

"இல்லை. பசிச்சது. அண்டைக்கு நல்லாச் சாப்பிட்டன்."

மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குதிரையைத் தூக்கிப் பார்த்தார். "அவருக்குக் குதிரை ஓடத் தெரியாது," என்றார். "சைக்கிள்தான்."

"வெள்ளரிக்காயில சைக்கிள் செய்யேலாது அம்மா."

இருவரும் சிரித்தார்கள். அது அழுகைபோல இருந்தது, ஆனால் சிரிப்புத்தான். பிறகு மாமி அம்மாவின் மரக்கறிக் கூடைக்குப் போனார். ஒவ்வொரு கத்தரிக்காயாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, வயிறு பருத்து, காம்பு வளைந்த ஒன்றை மச்சாளிடம் நீட்டினார்.

"இதுக்குக் கொம்பு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு இலைக்குப் பக்கத்தில, ஓரமா வை. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல வேண்டாம். வைச்சாப் போதும். அவருக்கும் ஒரு பிடி சோறு கிடைக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மச்சாள் ஜப்பானிலிருந்து வந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அப்பா செத்துவிட்டார் என்று தன் வீட்டில், தன் மொழியில், ஒரு பிடி சோற்றினால் சொல்ல வேண்டும். அதற்குத் தாயின் சம்மதம் வேண்டும். அது கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் அம்மா விளக்கேற்ற வந்தபோது குதிரையும் மாடும் இலையின் ஓரத்தில் நின்றன.

"ஆற்ற வேலை, எங்கட சின்னவன்ரயோ?" என்று சிரித்தார் அம்மா. "மாடெண்டாப் பொட்டு வேண்டாமோ?" சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, கத்தரிக்காயின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா கர்ப்பூரம் காட்டினார். காகத்துக்கென்று தோட்டத்தில் வைத்த சோற்றை வழக்கம்போல அணில் தின்றது.

பிறகு எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். அண்ணை குதிக்கால்மேல் இருந்தார். காத்தோட்டிக்காயை மென்று, கண்ணில் தண்ணீர் வர, விழுங்கினார். அவரை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மாமி சொன்னது தமிழில்; அதை மச்சாள் அவருக்குச் சொல்லவில்லைப் போலும். அவர் கண்ட ஜப்பானில் அது வாசலில் நெருப்பு மூட்டி ஊரறியச் செய்கிற காரியம். வீட்டுக்காரர் செத்தவரைப் பற்றிக் கேட்பார்கள், விருந்தாளி நல்ல வார்த்தை சொல்வார். ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் குனிந்து, அப்பாவுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். மாமா இந்தக் குதிரையில் இன்று வந்திருப்பார். நான் ஒருநாளும் சந்திக்கக் கிடைக்காத மாமனார். இன்றைக்குத்தான் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிடுகிறேன். அதற்கு இந்த வீட்டுக்கு நன்றி.

மச்சாளின் கை இலையில் நின்றுவிட்டது.

"எந்த மாமா?" என்றார் அம்மா.

அம்மா குதிரையைப் பார்த்தார், பிறகு மச்சாளைப் பார்த்தார்.

"என்ர அண்ணாவுக்கோ படையல் வைச்சிருக்கிறாய்?"

"படையல் இல்லை, பெரியமாமி. ஒரு பிடி சோறு."

"செத்த ஆக்களுக்கு வைக்கிற சோறு."

"ஓம்," என்றாள் மச்சாள்.

அம்மா சத்தம் போடவில்லை. மாமியின் பக்கம் திரும்பினார். "அண்ணி, இது உங்களுக்குத் தெரியுமோ?"

மாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்ததையே மறுபடி பிசைந்தார். பிறகு, இலையைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரியாது," என்றார்.

மச்சாள் தன் தாயைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் நிமிர்ந்து இருந்தவளின் முதுகு அப்போதுதான் வளைந்தது.

அம்மா எழும்பி, குதிரையை எடுத்து, தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இலையின் விளிம்பில் வைத்தார். குசினிக்குள் போனார். பலகையில் கத்தி படுகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல உப்பும் மிளகுத்தூளும் போட்டு, தேசிக்காய் பிழிந்து, ஒரு தட்டில் கொண்டுவந்தார். முதலில் மச்சாளின் இலையில் போட்டார்.

"வெள்ளரிக்காய் தின்னுற சாமான்," என்றார். "சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். துண்டு துண்டாக, முழுவதையும். அவள் சாப்பிடுவதைப் பார்த்து அண்ணையும் இரண்டு துண்டு எடுத்துத் தின்றார். இது என்ன சடங்கோ என்று அவருக்குக் குழப்பம். பிறகு, யாரிடமோ கேட்டுப் பழகி வைத்திருந்த தமிழில், "நல்ல ருசி," என்றார்.

பின்னேரம் அவர்கள் புறப்பட்டார்கள். லீவில் இன்னும் நாள்கள் இருந்தன. நில்லுங்கோ என்று அப்பா கூடச் சொல்லவில்லை. வாசலில் சப்பாத்துகள் முதல் நாளிலிருந்தே தெருவைப் பார்த்தபடி தயாராக இருந்தன. காலை விட்டார்கள், போனார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து போன யாரோ குப்பைக் கூடையில் தீக்குச்சிகளையும் மேலறை ஜன்னலில் சந்தனப் பொட்டு வைத்த கத்தரிக்காயையும் கண்டு கதை கட்டினார்கள். செய்வினை என்று நீங்கள் கேள்விப்பட்டது அதுதான்.

கத்தரிக்காய் மாட்டை மாமி எடுத்துக்கொண்டுபோய் மேலறை ஜன்னலில் வைத்திருந்தார். வருவதற்கு இருந்த வாகனத்தைத் தின்றாயிற்று. போவதற்கான வாகனம் மட்டும் மிச்சம். அது நாளுக்கு நாள் சுருங்கி, கறுத்து, குழந்தையின் மூடிய கைபோல ஆனது. பிறகு ஒருநாள் இல்லை. மாமி அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன் நின்றார். வாஸலின், குங்குமம்.

நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் ஆனேன். படிப்பு என்ன கற்றுத்தந்ததோ தெரியாது. மாமியின் அந்தப் பொய்யை மட்டும் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் மாமி யார்? அம்மாவின் அண்ணனுடைய மனைவி. அண்ணன் இருக்கும்வரைதான் அந்த மேலறை. அவர் செத்துவிட்டார் என்று தன் வாயால் சொன்னால், பிறகு அங்கே தான் எந்த உரிமையில் இருப்பது என்று மாமி பயந்திருப்பார். அம்மா ஒருநாளும் அப்படி நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் மாமி அதை அம்மாவிடம் கேட்டதே இல்லை.

மச்சாள் அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை. லண்டனுக்கு வரும்போதெல்லாம் ஹோட்டலின் பின்வாசலில் நின்று மாமியின் இடைவேளையில் சந்தித்துவிட்டுப் போவாளாம். பக்கத்துக் கடையில் தாயும் மகளும் தேத்தண்ணி குடிப்பார்களாம்.

இந்த வருடம் மாசியில் மாமி போய்விட்டார். மச்சாளும் அண்ணையும் வந்தார்கள். இருவரும் ஆமியை விட்டாயிற்று; அண்ணைக்குத் தலை நரைத்துவிட்டது. உடம்பை வைத்திருந்த இடத்தில், சேலை உடுத்தும் அறையில், அம்மா கூறைச் சேலையோடும் குங்குமச் சிமிழோடும் நின்றார்.

"அம்மா பொட்டு வேண்டாம் எண்டு சொன்னவ, பெரியமாமி," என்றாள் மச்சாள்.

"உனக்குச் சொன்னவ. எனக்குச் சொல்லேல்ல."

கிரியைக்கு வந்த ஐயர் கதவில் தலையை நீட்டினார். "அவவின்ர கணவர் இருக்கிறாரோ?"

"இருக்கிறார்," என்றார் அம்மா.

"இல்லை," என்றாள் மச்சாள்.

ஐயர் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ பிள்ளையள். அதுக்கேத்த மாதிரித்தான் நான் தொடங்கவேணும். வெளியில பார்க்கிங்கும் முடியப்போகுது."

மச்சாள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். அம்மா வாஸலின் ஒரு சொட்டுத் தடவி, அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்தார். இறந்த பிறகும் மாமி காத்திருக்க வைக்கப்பட்டார்.

எல்லாம் முடிந்து, தண்ணீர் குடிக்க மட்டும் என்று மச்சாளும் அண்ணையும் வீட்டுக்கு வந்தார்கள். குசினியில் அம்மா தனியாக நின்றபோது நான் சொன்னேன், அந்தக் கத்தரிக்காயை எடுத்துக்கொடுத்தது மாமிதான் என்று. சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன்.

"தெரியும்," என்றார் அம்மா. கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கே தெரியும். காம்பு வளைஞ்சது, பொரிக்கவெண்டு நான் ஒதுக்கி வைச்சது. அண்ணியைத் தவிர என்ர கூடையில ஆர் கை வைக்கிறது?"

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"அவ சொல்லட்டும் எண்டு." அம்மா கேத்திலை வைத்துவிட்டு, சுவிட்சைப் போடாமல் நின்றார். "அவ ஓம் எண்டு சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பன். அவவின்ர மனிசன். அவ சொல்லாமல் நான் எப்பிடிச் சொல்லுறது, என்ர அண்ணா செத்துப்போனான் எண்டு? அவவுக்காகத்தானே இவ்வளவு காலமும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

 ஒருத்தி மற்றவளுக்காகப் பொட்டு வைத்தாள். மற்றவள் இவளுக்காக அதைக் காவல் காத்தாள். இடையில் ஒரு பிள்ளைக்கு வீடு இல்லாமல் போனது.

முன்னறையில் அவர்கள் எழும்புகிற சத்தம் கேட்டது. அம்மா எனக்கு முன்னால் விறுவிறென்று வாசலுக்குப் போனார். அங்கே இரண்டு சோடிச் சப்பாத்துகள், தெருவைப் பார்த்தபடி, ஒழுங்காக. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோவோடு குனிந்து, மச்சாளின் சோடியைத் தூக்கி, முனை வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அண்ணையின் சோடியையும் திருப்பினார். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் செய்யாதவர்போல, கோட்டுகள் தொங்குகிற பக்கம் ஒதுங்கி நின்றார்.

மச்சாள் வந்தாள். சப்பாத்துகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது, எனக்கே விளங்கியது என்றால் அவளுக்கு விளங்காமல் இருக்காது.

அவள் குனிந்தாள். இரண்டு சோடியையும் மெதுவாக, ஒரு சத்தமும் வராமல், பழையபடி தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"போயிட்டு வாறம், பெரியமாமி," என்றாள்.

அண்ணை குனிந்து கும்பிட்டார். காலை விட்டார்கள், போனார்கள்.